காடைக்கண்ணி

இடப்பக்க விலாவில்
ஒரு கைப்பிடித் தணலைக் கொட்டி
யாரோ விரலால் பரப்பிவிட்ட மாதிரி.

அங் மோ கியோ பலதுறை மருந்தகத்தில்
என் எண் திரையில் வர
ஒன்றரை மணி நேரம்.
மருத்துவர் ஆங்கிலத்தில் சொன்னார்.
அவர் வாய் மூடுமுன்
மொழிபெயர்த்துவிட்டேன்: அக்கி.
இருபத்திரண்டு வருடத் தொழிலில்
கூலி இல்லாமல் செய்த ஒரு சொல்.

அக்கி என்றால்
குயவரிடம் போய்
காவி குழைத்து எழுதச் சொல்வார்கள்.
பூசுவது என்று சொல்வதில்லை,
எழுதுவது.
எழுதினால் ஆறிவிடும் என்று
எங்கள் ஆட்கள் நம்பிய
ஒரே நோய்.
அடுக்குமாடி நானூற்று முப்பத்தேழில்
பல் மருத்துவர் உண்டு, பூக்கடை உண்டு,
குயவர் இல்லை.

நாளுக்கு ஐந்து வேளை, ஏழு நாள்.
மாத்திரை தீர்ந்தது,
கொப்புளம் பொருக்குத் தட்டியது.
அரிப்பு மட்டும்
வாடகை தராமல் தங்கிவிட்டது.

தாதி மாரிவிக் சொன்னாள்:
ஓட்ஸை மாவாக்கு. காலுறையில் கட்டு.
குழாயில் மாட்டு.
வெந்நீர் வேண்டாம், சொறியாதே.
மருந்துச் சீட்டில் இதெல்லாம் எழுத மாட்டார்கள்
என்று கண்ணடித்தாள்.

அந்தத் தானியத்தோடு எனக்குப் பழைய வழக்கு.
போன வருடம் கொழுப்புக் குறைப்புத் துண்டுப் பிரசுரம்.
காடைக்கண்ணி என்று எழுதினேன்.
அருள்நம்பி சிவப்பில் கோடு போட்டார்:
"யாருக்குப் புரியும்?"
யாருக்கும் புரியாதுதான்.
பேரங்காடியில் போய்
காடைக்கண்ணி எந்த வரிசை என்று
நானே கேட்க மாட்டேன்.
ஆனாலும் எவரோ ஒருவர்
ஒரு மணியை உள்ளங்கையில் உருட்டி
காடையின் கண்ணைப் பார்த்திருக்கிறார்.
அதற்கு மேலா கோடு போடுவது?

அதற்கும் முன்னால் ஒரு மூலிகைப் புத்தகம்,
பக்கத்துக்குப் பதினெட்டு வெள்ளி.
ஐரோப்பாக்காரர்கள்
இதன் வைக்கோலைக் கொதிக்கவைத்துக் குடித்தால்
நரம்பு அடங்கும் என்பர்.
பால் பிடித்த கதிரை நசுக்கி ஊறவைத்தால்
தூக்கம் தொலைத்தவருக்கு ஆகும் என்பர்.
வறுத்துத் துணியில் முடிந்து
விலாவுக்கு ஒத்தடம் கொடுப்பர்.
என்பர், என்பர்.
பொறுப்பைக் கைகழுவ
தமிழில் இதைவிட நல்ல சொல் கிடையாது.
வாக்கியத்துக்கு ஒன்று வைத்தேன்.
விலா என்று அடித்தபோது
எனக்கு விலா இருப்பதே நினைவில்லை.

தொட்டி வைத்த குளியலறை இல்லை நமக்கு,
வாளிதான்.
தேசிய சேவைக்குப் போன பரிதியின் அலமாரியில்
ஒற்றைப் பச்சைக் காலுறை.
அதன் குதிகால் வரை மாவு,
வாயில் ரப்பர் வளையம்.
குழாயைத் திறந்தால்
அரிசி களைந்த கழுநீர் போல
வெள்ளையாக, வழவழவென்று இறங்கியது.
மொண்டு மொண்டு ஊற்றினேன்.
எரிச்சல்
பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று
எழுந்து போன மாதிரி.
மூன்றாம் குவளைக்கு அழுதுவிட்டேன்,
வலியால் இல்லை.

அன்றிரவு நாலு மணி நேரம் தூங்கினேன்.
காடைக்கண்ணியாலா,
களைப்பாலா, மாரிவிக் கண்ணடித்ததாலா,
தெரியாது.
இங்கே 'என்பர்' போட
எனக்கு மனம் வரவில்லை.

ஞாயிறு மாலை.
தெக்கோங் படகுக்குப் பையை அடுக்குகிறான்.
"அம்மா, இந்த ஒரு சாக்ஸ் மட்டும்
கஞ்சி வாடை அடிக்குது.
உள்ள என்னமோ நெருடுது."

"காடைக்கண்ணி."

"அது என்ன, பறவையா?"

சிரித்தால் விலா இழுக்கிறது.
லிஃப்ட் வந்துவிட்டது.
கதவு மூடும் இடைவெளியில் சொன்னேன்,
கண் மட்டும்.